ரோசியின் சொறி

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர நாய் நாற்றம். வெறும் ஈர நாய் என்றாலும் தொலைகிறது, இது சொறிநாய்.

ரோசியின் காது ஓரமெல்லாம் தவிடு அப்பினதுபோல் பொருக்கு. வயிறு, அக்குள், முழங்கால் எல்லாம் முடி கொட்டித் தடித்துப்போன தோல். நாள் முழுக்கப் பறக் பறக் என்று ஒரே சொறிதல். சொறிந்த இடத்தில் நீர், நீரில் ஈ. சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்த்துத் தொலைத்தேன். ரசம் சாதம் அப்படியே தட்டில். ஸ்டெல்லா முறைத்தாள்.

சாயங்காலம் தனியார் நாய் கிளினிக். உள்ளே ஏசி, சோபா. தோலைச் சுரண்டிப் பார்க்க ஒரு ரேட், வாராவாரம் ஊசிக்கு ஒரு ரேட், ஷாம்பு தனி. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். கட்டின மனைவி ஸ்டெ. பல்வலிக்குக் கிராம்பு கடித்துக்கொண்டிருக்கிறாள், நாய்க்கு ஷாம்பு.

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஆனால் மத்தியானத்தோடு சரி. அந்நேரம் நான் நஞ்சன்கூடு ஃபேக்டரி ஸ்டோரில், ஸ்டெ. கான்வென்டில் எல்.கே.ஜி. டீச்சர். நாயைப் பார்த்தால் ஆட்டோவும் நிற்பதில்லை. ஒருவன் "பேடா சார்", வேண்டாம் என்று தலையைக்கூடத் திருப்பாமல் போனான்.

வாங்க: பினாயில். மஞ்சள் தூள். எனக்கு வேறு சோப்பு (இப்போது போடுவது தொடையில் அரிக்கிறது).

ஜூன் 9, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. ரயிலில் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். என் சட்டையில் நாற்றம். அவமானம்.

கேட்டைத் திறக்கும்போது வீட்டு ஓனர் மகாதேவப்பா பிடித்துக்கொண்டார். மாடியில் இருக்கிறார், தமிழ்நாட்டு எல்லையோர அனூர்க்காரர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"என்னங்க சார், நாயி இந்தக் கதில இருக்குது. மேல பேரப்புள்ளைங்க வெளையாடுதுங்க."

"மருந்து போடறோம் சார்."

"அதெல்லாம் ஆகறதில்லீங்க. ஞாயித்துக்கெழம அமாவாசைக்கு டெம்போல மாதேஸ்வரன் மலைக்குப் போறோம். போற வழில காட்டுல எறக்கி வுட்டர்றேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"காட்டுல சிறுத்தை இருக்குமே."

"அதுக்கும் சாப்பாடு வேணுமில்லீங்க." சிரிப்பு வேறு.

சரி என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நிம்மதிதான். யாரோ ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனால் போதும். இந்த வீட்டில் நாய்க்குச் செல்லம் கொடுப்பது ஸ்டெ. நான் தொடுவதுகூட இல்லை.

ஸ்டெ.விடம் சொன்னேன். தட்டை ணங்கென்று வைத்தாள்.

"அதுக்குள்ள குணமாயிட்டா?"

"ஆனா பாக்கலாம்."

"ஆக்கிக் காட்டுங்க. வாய்தான் கிழியுது."

ஜூன் 10, புதன்

ரயிலில் ஃபிட்டர் சிவண்ணாவிடம் வாயைக் கொடுத்தேன். வண்டியிலிருந்து வடித்த பழைய இஞ்சின் ஆயில், அதில் கந்தகப் பொடி. அவர்கள் ஊரில் எருமைக்கு அதுதானாம். "ஒந்து சல ஹச்சி நோடி சார்." ஒரு தடவை தடவிப் பார்ப்பதில் என்ன வந்தது? ஆயில் அவரே பாட்டிலில் கொடுத்தார். திரும்பும்போது மண்டி மொஹல்லா நாட்டு மருந்துக் கடையில் கந்தகம்.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே வைபவம். ஸ்டெ. வாயைப் பிடித்துக்கொள்ள, பழைய டூத் பிரஷால் நான் தேய்த்தேன். பொருக்கு பிரஷில் பெயர்ந்து பெயர்ந்து வந்தது. ஒருதரம் ஓடிப்போய்ச் செம்பருத்திச் செடியடியில் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

நக்காமல் இருக்க என் பழைய பனியனை மாட்டிவிட்டோம். முன்னங்கால் இரண்டும் கைத் துளைகளில். என் பனியன் இதுவரை இவ்வளவு கேவலப்பட்டதில்லை.

ரோசி ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. சனியன், கடித்தாவது இருக்கலாம்.

சோப்பு மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை. மூட்டைப்பூச்சியோ?

ஜூன் 11, வியாழன்

பனியன் ஒரு தடுப்பே இல்லை. ஆயில் ஊறின பனியனையே நக்கித் தீர்த்திருக்கிறது.

விடிந்ததும் குளியலறை வாசலில் கறுப்பாக வாந்தி. கந்தகமும் டீசலும் அழுகின முட்டையும் கலந்த நாற்றம். பேப்பர் போட்டு நான்தான் அள்ளினேன். நடு ஹாலில் இன்னொன்று. அதையும். சீ, என்ன பிழைப்பு.

வாயில் நுரை மாதிரி எச்சில். கால் நடுக்கம். பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. பனியனைக் கழற்றித் துடைக்கத் துடைக்கத் துணிதான் கறுப்பாயிற்று.

"கொன்னுட்டீங்க," என்றாள் ஸ்டெ. அவள் வாயைப் பிடித்துக்கொண்டாள், நான் பிரஷ் போட்டேன். இப்போது கொன்றது நான் மட்டும்.

பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகப்போகிற நாய், இன்று செத்தால் எனக்கென்ன? தெரியவில்லை. இரண்டு பேரும் நாளைக்கு லீவு சொல்லியாயிற்று.

ஜூன் 12, வெள்ளி

ஆட்டோ நிற்காததால் ஸ்கூட்டர். நடுவில் பெட்ஷீட்டில் சுற்றின ரோசி, பின்னால் ஸ்டெ. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் எங்களைப் பார்த்துத் தன் பெண்ணின் முகத்தைக் கையால் மூடினான்.

கால்நடை ஆஸ்பத்திரி. சாணி, சீழ், டெட்டால். எங்களுக்கு முன்னால் மடி வீங்கின பசு ஒன்று, ஆட்டுக்குட்டி ஒன்று. டாக்டரம்மா சின்ன வயசு. கன்னடத்தில் விட்டார் பாருங்கள் ஒரு டோஸ். "இஞ்சின் ஆயிலா? நாய்க்கு என்ன, சர்வீஸ் பண்ணினீங்களா?" அது விஷமாம். தோல் வழியாகவும் போகுமாம், நக்கினால் கேட்கவே வேண்டாமாம். பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டு ஆயில் போகும்வரை அலசச் சொன்னார். வாந்திக்கு ஒரு ஊசி, டிரிப்ஸ், பிறகு எடை பார்த்துச் சொறிக்கு ஒரு ஊசி. இரண்டு வாரத்தில் மறுபடி வர வேண்டும்.

உண்ணி இல்லை, சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள் வளை தோண்டி முட்டை வைக்குமாம். கேட்கும்போதே உடம்பு கூசியது, முழங்கையைச் சொறிந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"உங்களுக்கு எங்கெல்லாம் அரிக்குது?"

"கை, வயிறு, தொடை. சோப்பு ஒத்துக்கலை."

"நாயை மடியில வெச்சுக்குவீங்களா?"

"சேச்சே. நான் தொடறதே இல்லை மேடம்."

ஸ்டெ. கன்னடத்திலேயே போட்டுக் கொடுத்தாள். "தினமும் நியூஸ் முடியற வரைக்கும் இவர் மடிலதான் தூங்குது. நான் பாத்திரம் கழுவிட்டு வர்ற சத்தம் கேட்டா கீழே தள்ளிவிட்டுட்டு யோக்கியன் மாதிரி உக்காந்திருப்பார்."

ஆட்டுக்குட்டிக்காரர் வரை சிரித்தார்கள். நாய்ப்பூச்சி மனிதர் மேல் ரொம்ப நாள் குடும்பம் நடத்தாதாம், நாய் குணமானால் தானாகப் போய்விடுமாம். அதுவரை மடி கூடாது. தெரிந்தே இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள், கள்ளி.

ஜூன் 13, சனி

வெயில் கொஞ்சம். பெட்ஷீட், தலையணை உறை, என் லுங்கிகள் எல்லாம் வெந்நீரில். ரோசிக்கு இரண்டாவது அலசல். குளியலறையில் தண்ணீர் போகும் துளையில் முடியும் தோலும் கூழாக அடைத்துக்கொண்டது. கையை விட்டு எடுத்தேன். பிறகு அந்தக் கையால் எதையும் தின்ன முடியவில்லை.

கஞ்சி குடித்தது. வாந்தி இல்லை. சொறி அப்படியேதான், ஊசி வேலை செய்ய நாளாகும்.

மாடியிலிருந்து ஓனர்: "சார், காலைல நேரத்தோட வண்டி கெளம்புதுங்க. நாயைக் கட்டி வெச்சிருங்க." நான் உள்ளே வந்துவிட்டேன். ஸ்டெ. ரோசியின் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசைக்குப் போகவில்லை. தூறல். வாசலில் டெம்போ, ஹாரன், உள்ளே பேரப்பிள்ளைகள், புளியோதரை வாசனை. ஓனர் கையில் புதுச் சாக்கு.

"கொண்டாங்க சார்."

ரோசி என் காலுக்குப் பின்னால். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, நகம் பட்ட கீறல்.

"எனக்கும் அதேதாங்க. ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போங்க. எங்கே எறக்கி விடணுமோ விடுங்க."

பின்னால் நகர்ந்தார். "ஒட்டுமுங்களா?"

"ஒட்டும்."

நான் தினமும் பிடிக்கிற கேட்டில் அவர் கை இருந்தது. எடுத்து வேட்டியில் துடைத்தார். "வந்து பேசிக்கலாம்," என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார், சொல்லட்டும். சாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நல்ல சாக்கு. ரோசிக்கு மூலையில் விரித்தாயிற்று. நியூஸ் ஓடுகிறது. அது அங்கிருந்து என் மடியையே பார்க்கிறது. போடி என்றேன். அரிக்கிறது.