தம்பியின் குதிக்கால் கட்டி

பண்டத்தரிப்பு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பத்மாசினிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வருகுதில்லை. உன் தம்பி சுதாகரன் எங்களை விட்டுப் போய் இன்றைக்கு இருபத்தாறு நாள். போனில் சொல்லத் தொடங்கினால் அழுகைதான் வரும், அதுதான் எழுதுகிறேன்.

முப்பத்தாறு வயதில் நெஞ்சுக் குழாய் இப்படி அடைபடாது, வீட்டு ஆட்களையும் பார்க்க வேணும் என்று அவனை வெட்டிப் பார்த்த டொக்டர் சொன்னாராம். இரத்தக் கொழுப்பை ஆராய்ச்சி செய்கிற ஆட்கள் போன கிழமை வந்து எனக்கும் மருமகள் கஜானிக்கும் தம்பியின் மகள் சின்னவளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். நேற்றுக் கூப்பிட்டு முடிவு சொன்னார்கள். எனக்குக் கொழுப்பு நானூற்றுப் பத்து, இருநூறுக்குள்ளே இருக்க வேணுமாம். சின்னவளுக்கும் கூடுதலாம். கஜானிக்கு ஒன்றும் இல்லை. இது பிறப்பிலேயே வருகிறதாம் பிள்ளை. இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை ஈரல் இழுத்தெடுக்க வேணுமாம், எங்கள் ஆட்களுக்கு அது சரியாக எடுக்காதாம், கஞ்சியும் கீரையும் தின்றாலும் தேங்குமாம். அவன் மெலிஞ்ச பிள்ளை, சுன்னாகத்துக்கு வெங்காயம் கட்டிச் சைக்கிள் மிதிக்கிறவன் என்றேன். மெலிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அம்மா என்றா முடிவு சொன்ன டொக்டர் பிள்ளை. பிறகு என்ரை காலைத் தூக்கி, குதிக்கு மேலே நரம்பில் இருக்கிற கட்டியை அமத்திப் பார்த்து, மகனுக்கும் உப்பிடி இருந்ததோ என்று கேட்டா. இருந்தது. சைக்கிள் மிதிச்சு வந்தது என்று எத்தனை நாள் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டேன். அது கொழுப்பாம். என்ரை ஐயா நாற்பத்திரண்டு வயதில் கிணற்றடியில் விழுந்து செத்தபோது பேய் அடிச்சது என்றார்கள். ஐயாவின் காலிலும் அந்தக் கட்டி இருந்தது.

எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையல் அன்று நான் செய்ததை நீ போனில் பார்த்தாய்தானே. அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலைப் படையலில் வைக்கக் கஜானி கொண்டுவந்தாள். பொரிச்சுப் பொரிச்சுக் குடுத்துத்தானே என்ரை பிள்ளையை அனுப்பினனீ, இன்னும் காணாதோ என்று சனத்துக்கு முன்னால் கேட்டு, தட்டைப் பறித்து வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கொட்டினேன். அவர் கேட்டதைத்தான் மாமி செய்து குடுத்தனான் என்று மட்டும் சொன்னாள். இப்போது பார்த்தால் நான் பெத்தபோதே அவனுக்குக் கொடுத்துவிட்ட நோய் இது.

பெத்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாமாம். சின்னனில் சப்பாத்து குதியில் பட்டு நோகுது என்று நீ அழுதது நேற்று முழுக்க ஞாபகத்தில் நின்றது. காலைத் தடவிப் பார். கட்டி இல்லாவிட்டாலும் இரத்தம் பார், பிள்ளைகளுக்கும் பார்ப்பி. பெண்களுக்குச் சுணங்கி, வயது போன பிறகு வருமாம், வராமல் விடாதாம். கொழுப்பைக் குறைக்கக் குளிசை மருந்து இருக்கிறதாம், நாளும் போட்டால் நல்லாய் இருக்கலாமாம். தம்பிக்கும் போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொராம் நாள், அந்தியேட்டி. நேற்று பஸ்ஸில் கஜானிக்குப் பக்கத்தில் இருந்து வந்தும் என்னை மன்னிச்சுக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. காலமை நாலு கத்தரிக்காய் பிடுங்கி, அவள் பொரிக்கட்டும் என்று அடுப்படியில் வைத்தேன். பார்த்தாள்.

பிள்ளையார் உங்கள் எல்லாரையும் நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். இரத்தம் பார்த்த உடனே கூப்பிடு, மறந்துவிடாதே. இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்லிக் கஜானியிடந்தான் கொடுக்கப் போகிறேன். அவளும் வாசிக்கட்டும் என்று மடிக்காமல் கொடுக்கிறேன்.

உன் அம்மா
இரத்தினம்மா