ஐந்தாவது ஆல்பத்தின் கடைசி வரி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஷாம்பு விளம்பரத்துக்குக் குரல் பதிவு. ‘பளபள’ என்ற ஒற்றை வார்த்தைக்கு முப்பத்தொரு டேக். பிழைப்பு! மதியம் வந்த போனில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அவள்தான், அந்தப் பாடகி. ஐந்தாவது ஆல்பத்தை என் ஸ்டுடியோவில் பதிவு செய்ய வேண்டுமாம். அவளை யாருக்குத் தெரியும் என்றால், ஒரு நானூறு பேருக்குத் தெரியும். அதில் முக்கால்வாசிப் பேருக்குக் காது கிடையாது.

மார்ச் 5

நான்கையும் வரிசையாகக் கேட்டேன். முதலாவது, தாலாட்டு மெட்டில் வேலை போனவனைப் பற்றிப் பாடியது. சமையலறையில் பதிவு, பின்னால் குழாய் சொட்டுகிறது. இரண்டாவது, அப்பா இறந்த வருடம். கிதார் துள்ளிக்கொண்டே போகும். வார்த்தைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, ஒருவன் கைவிட்ட பிறகு. அதைப் பற்றி எழுதினால் நோட்டு போதாது. நான்காவதில் ஆள் தேறிவிட்டாள். உப்பில்லாத ஆல்பம்.

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: “உங்களுக்கு அந்தப் பொண்ணு பாட்டு பிடிக்குதா, அது அழறது பிடிக்குதா?” இவளுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 10

வந்தாள். சிரிக்கிறாள்! வாய்க்கு வாய் ‘அண்ணா’. கூடவே தாளம் வாசிக்கிறவன். அடுத்த மாதம் இருவருக்கும் கல்யாணமாம். அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டேன். முதல் பாட்டு, ஒரு குடைக்குள் இரண்டு பேர் நடப்பதைப் பற்றி. இதற்காகவா ஆறு வருடம் காத்திருந்தேன்? இவள் இப்படிச் சந்தோஷமாக இருப்பதை என்னால் சகிக்கவே முடியவில்லை.

மார்ச் 13

இடைவேளையில் நான் பதிவை நிறுத்துவதில்லை. பாடுகிறவர்கள் தங்களை மறந்து முணுமுணுப்பதுதான் சில சமயம் அசல் சரக்கு. இன்று சாயங்காலம் அந்தப் பகுதியைப் போட்டுக் கேட்டேன். அவள் டீ வாங்கப் போயிருந்தபோது, மாப்பிள்ளை மைக் பக்கத்திலேயே நின்று யாரிடமோ போனில் பேசியிருக்கிறான்: “கல்யாணமாவது ஒண்ணாவது. ஆல்பத்துல என் பேர் வரட்டும், கழட்டி விட்டுடறேன். நீ அழாத செல்லம்.”

பதினோரு வினாடி. வேறு பெயரில் சேமித்து வைத்தேன்.

மார்ச் 14

சொல்ல வேண்டும்தான். தனியாகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, பக்குவமாக. மனுஷன் அதைத்தான் செய்வான்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. பிரிந்து போகிறவளின் பாட்டு. இன்று மூன்று முறை பாடினாள், கடைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி.

மார்ச் 17

செய்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாளப் பகுதி முடிந்துவிட்டதால் அவன் வராத நாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையசைத்தாள். ஏற்கெனவே பதிவு செய்திருந்த கிதாருக்குப் பதில் அந்தப் பதினோரு வினாடியைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம்... அதை எழுத மாட்டேன். “ஐயோ, கை தவறிடுச்சும்மா” என்றேன். ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, “கிதாரப் போடுங்கண்ணா” என்றாள்.

பாடினாள். மூன்றாவது ஆல்பமெல்லாம் இதற்குக் கால்தூசு! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து — பாழாய்ப்போன விரல் — கடைசி வரிக்கு முன்னால் அவள் ஹெட்போனில் பேசும் பொத்தானை அழுத்தி “அருமை!” என்று கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டு நிறுத்திவிட்டாள். இருபது வருடமாக இந்தத் தொழில். பாடும்போது வாயைத் திறக்காதே என்பது முதல் நாள் பாடம்.

“பரவால்லம்மா, அந்த ஒரு வரியை நாளைக்கு எடுத்துக்கலாம்.”

மார்ச் 18

வரவில்லை. போன் செய்தாள். “நல்லவேளைண்ணா, உங்க கை தவறினதால தப்பிச்சேன்.” நன்றி வேறு சொன்னாள். எப்போது வருகிறாய் என்றேன்.

ஏப்ரல் 2

“ஹெட்போனை மாட்டினாலே அவன் குரல்தான் கேக்குது. என்னால முடியலண்ணா.” ஒரே ஒரு வரிம்மா என்றேன், இரண்டு முறை. அழுதாள். எல்லாம் சரியாகிவிடும், அன்றைக்கு அந்த ஒருவன் கைவிட்டதிலிருந்து மூன்றாவது ஆல்பம் வர எட்டு மாதம் ஆயிற்று. பொறுத்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் 20

கிதாரை விற்றுவிட்டாளாம். என் எண்ணை எடுப்பதே இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஸ்டுடியோ போனிலிருந்து கூப்பிட்டேன். அந்தக் குரலேதான், ஆனால் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. “சொல்லுங்க சார், எந்தப் பல்லு?” என்னைத் தெரியவில்லை. எனக்கு ஒரு பல்லிலும் கோளாறு இல்லை. வைத்துவிட்டால் குரல் போய்விடுமே என்று நாக்கால் தடவி, கீழ்வரிசையில் ஒன்றைச் சொன்னேன். பயங்கர வலி, பிடுங்கிவிட வேண்டும் என்றேன்.

“பயப்படாதீங்க சார், ஒண்ணும் வலிக்காது.”

வியாழன் நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.