சாயாத சீட்

மச்சான்,

இன்று காலை கராஜ்காரர் எனக்குப் போன் எடுத்தார். "டீச்சர், நம்மட சேர்ட கார் சீட்டுக்குச் சொன்ன மோட்டர் கொழும்பால வந்திட்டு. காரக் கொண்டு வாறீங்களா?" அவருடைய சேர் நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஐந்து மாதமாகிறது என்பது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டுத் தயங்கினார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பின் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கறியை இறக்கினேன், திரும்ப ஏற்றினேன். கடைசியில் வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிற உங்கள் டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். உங்களுக்காக நான் வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் என் தம்பி காரை ஸ்டார்ட் பண்ணி விட்டதால் பெட்டரி நன்றாகவே இருந்தது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு உங்களை மருந்தேற்றக் கொண்டுபோன காலத்தில்தான், ஸ்விட்சால் சாய்கிற உங்கள் முன் சீட் வேலை செய்யாமல் நின்றது. பாதி சாய்ந்தால்தான் உங்கள் முதுகு தாங்கும். ஸ்விட்சை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. மோட்டர் எரிந்துவிட்டது என்றார் கராஜ்காரர்.

"நீதானே புள்ளையளுக்கு மின்சுற்றுப் படிப்பிக்கிற. ஒருக்காப் பாரன் புள்ள" என்று சிரித்தீர்கள்.

"எனக்கு இருக்கிற வேலையில இது வேறயா?" என்று பாய்ந்தேன். நீங்கள் பிறகு கேட்கவேயில்லை.

இன்று பார்த்தேன். பியூஸ் எரியவில்லை. சீட்டுக்கு அடியில் பிளக்கைக் கழற்றி, லைட்டின் கிளிப்பைக் காரின் இரும்பில் மாட்டி, மின்சாரம் வரும் கம்பியைத் தொட்டேன். லைட் எரிந்தது. கிளிப்பை அதே பிளக்கின் கறுப்பு வயருக்கு மாற்றி, முதல் தொட்ட கம்பியையே திரும்பத் தொட்டேன். எரியவில்லை. மின்சாரம் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கம்பளத்தைத் தூக்கினேன். அதைக் காரோடு பிணைக்கும் ஆணி துருவேறி உப்பியிருந்தது. நீங்கள் காருக்குள் வாந்தியெடுத்த அன்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவள் நான்தான். கம்பளத்தின் அடி காய்ந்ததா என்று பார்க்கவில்லை.

ஆணியை மணற்தாளால் தேய்த்து இறுக்கி, பிளக்கை மாட்டி ஸ்விட்சை அழுத்தினேன். சீட் சாய்ந்தது. கால்மணி நேர வேலை, மச்சான்.

கராஜ்காரருக்குப் போன் எடுத்து, "மோட்டர் வேணாம், எர்த் வயர்தான் விட்டிருக்கு" என்றேன்.

"ஆரு டீச்சர் பார்த்த?"

"நான்தான்."

"அல்லாஹ்! அப்ப முதலே நீங்க..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சீட்டில் நிமிர்ந்து இருந்தபடி நீங்கள் ஆறு தடவை போய் வந்தீர்கள். கல்லாற்றுப் பாலத்தில் கார் குலுங்கும்போது மேலே உள்ள கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பீர்கள். கடைக்கண்ணில் பட்டாலும் நான் வீதியையே பார்த்து ஓட்டினேன். நோகுதா என்று கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். நீங்கள் சொன்னால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்திருக்கிறது.

பின்னேரத்திலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். நோகுதா மச்சான்? இப்போதுதான் கேட்க வருகிறது.