மேகலா வாங்கிய மாம்பழ நிறக் கார்

நாற்பதடி ட்ரெய்லரை ஒரு கையால் திருப்பிவிட்டு மறுகையால் டீ குடித்த என் நைனாவுக்கு,

நம் வீட்டுக்குக் கார் வந்துவிட்டது. வாங்கியது நானில்லை, உன் சின்ன மகள் மேகலா. மாம்பழ நிறம். ஐந்து வருஷம் ஓடிய குட்டி வண்டி. நாலு பேர் தாராளமாக உட்காரலாம், ஐந்தாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை வாங்கவே கூடாது என்று பதினைந்து நாள் வீட்டில் சண்டை போட்டவன் நான். அதனால் நானே உன்னிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. டோல்கேட்டில் நீ பார்த்தபோது வெறும் தூணாக நின்ற மெட்ரோவில் இப்போது ரயில் ஓடுகிறது. அன்று பதினேழு வயதில் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுத மேகலா இன்று எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறாள். ஆமாம் நைனா, கிரேன். நீ நாள் முழுக்க வரிசையில் நின்று இறக்கிவிட்டு வந்த அதே பெட்டிகளை, அவள் மேலே உட்கார்ந்துகொண்டு தீப்பெட்டி போல எடுத்து அடுக்குகிறாள். ராயபுரத்தில் நம் தெருவில் யார் புதிதாக வந்தாலும் அம்மா முதலில் சொல்லும் செய்தி இதுதான். தண்ணீர் லாரிக்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

வேலைக்குப் போய்வர ஒரு கார் வேண்டும் என்றாள். சின்னதாக இருக்கணும், தன் சம்பளத்துக்கு அடங்கணும், கியர் போட்டு ஓட்டுகிற வண்டியாக இருக்கணும். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஓட்டும்போது சிரிப்பு வரணும்ண்ணா" என்றாள்.

"சிரிப்பு வரணும்னா சர்க்கஸுக்குப் போ" என்றேன்.

எனக்கு இருந்த பயம் உனக்குத்தான் புரியும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மேல உக்காந்துகினா சின்ன காரு கண்ணுக்கே தெரியாதுடா. பக்கத்துல வந்து பூந்துகினா அவ்ளோதான்." நீ சொல்லிவிட்டு அடுத்த வாய் சோற்றை எடுத்தாய். எனக்கு அன்றிலிருந்து அது வயிற்றிலேயே உட்கார்ந்துவிட்டது. அந்த எண்ணூர் ரோட்டில், அத்தனை ட்ரெய்லர்களுக்கு நடுவில், நம் பெண் ஒரு டப்பாவை ஓட்டிக்கொண்டு தினம் போவதா? உன்னைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றதுதான் நான் செய்தது. இவளையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

ஆகவே பெரிய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வண்ணாரப்பேட்டையில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் நின்றது. யானை போல உயரம், முன்னால் இரும்புக் கம்பி, கறுப்பு நிறம். விலையும் படிந்து வந்தது. மேகலா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது இன்னாண்ணா, எம்.எல்.ஏ. வண்டி மாதிரி கீது" என்றாள். இருந்தாலும் என் மனசுக்காக ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டாள். கடைப் பையன் இல்லை, கடைக்காரரே பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால்.

முதல் திருப்பத்திலேயே விஷயம் நடந்தது. இடதுபக்கம் திரும்ப வேண்டும். இவள் ஸ்டியரிங்கை வலதுபக்கம் நன்றாக ஒடித்து, ரோட்டின் நடுவுக்கே போய், அப்புறம் சாவகாசமாக இடதுபக்கம் வளைத்தாள். எதிரே வந்த ஆட்டோக்காரர் நம் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். கடைக்காரர் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"மேடம்! பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம்! இது காரு!"

"சாரிங்க. கை தானா போவுது" என்றாள் மேகலா.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. லீவு நாளில் உன்னோடு வண்டியில் வர நான் மாட்டேன் என்று ஓடுவேன், டீசல் வாடை எனக்கு ஆகாது. எனக்குப் பதிலாக அவள்தான் கிளீனர் சீட்டில் ஏறிக்கொள்வாள். நீ அவளுக்கு ஒரு நாளும் ஓட்டக் கற்றுத்தரவில்லை. "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு லாரி" என்றுதான் சொன்னாய். ஆனால் நாற்பதடி பெட்டியைத் திருப்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று அந்தப் பொட்டப் புள்ளையின் கை பார்த்தே படித்துவிட்டிருக்கிறது. டிரைவிங் ஸ்கூல்காரர் இதற்காகவே அவளுக்குக் கூடுதலாக நான்கு நாள் கிளாஸ் எடுத்தாராம். சிரித்து முடித்தபோது உன் ஞாபகம் வந்துவிட்டது. கர்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்துவது போல நடித்தேன்.

அந்த யானையை வீடு வரைக்கும் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டலாம் என்றேன். நம் தெருமுனையிலேயே மாட்டிக்கொண்டது. முன்னால் மின்பெட்டி, பின்னால் மீன்கார அம்மாவின் கூடை. தெருவே கூடி "ரைட்ல, லெஃப்ட்ல, இன்னும் ரைட்ல" என்று ஆளுக்கொரு திசை சொன்னது. அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுல சாமி படம் வெக்க எடம் கீதா?" என்று மட்டும் கேட்டாள். மேகலா வண்டியை ரிவர்ஸிலேயே தெருவுக்கு வெளியே எடுத்து, நேரே கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். நான் அதற்கும் அசையவில்லை. தெருவுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன்.

"நான் பாத்து வெச்ச வண்டில ஒரு தபா வந்து உக்காரு. அதுக்கப்புறம் நீ வேணாம்னா வேணாம்" என்றாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. அதனால் போனேன்.

வண்டி திருவொற்றியூரில் ஒரு டீச்சரம்மாவுடையது. ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போகிறார். என் ஸ்கூட்டரை அவர் வாசலில் அடமானம் போல நிறுத்திவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். மேகலா சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நீயும் வெறுங்காலோடுதான் ஓட்டுவாய். வண்டி கிளம்பியதும் அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். "கியர் பாரேன், வெண்ணெ மாதிரி வுழுது. சொன்ன பேச்சு கேக்குதுண்ணா இது" என்றாள். சின்ன வயதில் புதுச் சைக்கிளில் ஏறிய அதே முகம்.

எண்ணூர் ரோட்டுக்கு வந்ததும் நான் சீட் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். முன்னால் ஒரு நாற்பதடி ட்ரெய்லர். கொஞ்ச தூரம் போனதும் அது வலதுபக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. இடதுபக்கம் ரோடு ஹோவென்று காலியாகக் கிடந்தது. இந்த மலைக்குப் பின்னாலிருந்து எப்படியாவது தப்பித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"லெஃப்ட் ஃப்ரீயா கீது பாரு! போ, போ, போயிடு!" என்று கத்தினேன்.

அவள் போகவில்லை. வண்டியை நிறுத்தியே விட்டாள். பின்னால் நாலைந்து பேர் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் என்னமோ திட்டினார். இவள் கையை வெளியே நீட்டி எல்லோரையும் நிறுத்தினாள்.

"அவரு ரைட்ல போவலண்ணா. லெஃப்ட்ல ஒடிக்கிறதுக்கு எடம் எடுக்கிறாரு. இப்ப பாரு."

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் ட்ரெய்லரின் தலை இடதுபக்கம் திரும்பியது. பின்னால் இருந்த பெட்டி மொத்தமும் மெல்ல நகர்ந்து வந்தது. நான் போ, போ என்று கத்தினேனே, அந்தக் காலி இடத்தின் மேலேயே அத்தனை சக்கரங்களும் ஏறிப் போயின. ஓரத்துக் கற்களில் ஒன்று நொறுங்கியது.

"லாரி கண்ணாடில டிரைவர் மூஞ்சி நமக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் அவருக்கு நாம தெரியறோம். தெரியலன்னா அங்க நிக்கவே கூடாது" என்றாள், அம்மாவுக்குச் சமையல் குறிப்பு சொல்வது போல. பெரிய வண்டியா, சின்ன வண்டியா என்பதே இல்லை நைனா. மேலே உட்கார்ந்தவனுக்கு எது தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த ரோட்டில் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே தெரிந்திருக்கவில்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றோடு இரண்டு பேரும் முடிந்திருப்போம். பத்திரம், பத்திரம் என்று பதினைந்து நாள் கத்தியவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடதுபக்கம் திரும்பிய அந்த ட்ரெய்லர் அங்கிருந்த யார்டு கேட்டில் வரிசைக்காக நின்றது. நாங்கள் பக்கத்தில் வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். உன் வயதுதான் இருக்கும், தோளில் துண்டு.

"இன்னாம்மா, கரீட்டா நின்ன! எவனும் நிக்க மாட்டான். யாராண்ட கத்துக்கின?"

"எங்க நைனாவாண்டங்க."

"நைனா இன்னா ஓட்றாரு?"

"நாப்பதடி ஓட்றாரு" என்றாள் மேகலா.

"அதான பாத்தேன்" என்று அவர் கையை உயர்த்திக் காட்டினார். இவளும் காட்டினாள். ஓட்டினார் என்று அவள் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. திரும்பும் வழியில் டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு வண்டியை முடித்துவிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். அவள் அந்த ரோட்டில் போகும்போது நான் இனி போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு வருவேன். உன்னைப் பற்றி யாராவது கேட்டால், அவள் சொன்னதையே நானும் சொல்வேன்: எங்க நைனா நாப்பதடி ஓட்றாரு.

மேகலாவுக்கு அண்ணன் என்று இப்போதெல்லாம் தெருவில் அறியப்படுகிற
உன் மூத்த மகன்,
சேகர்