கசகசா இலையும் ஒரு கைப்பிடிச் சோறும்

அன்புள்ள அப்பா,

இன்று வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருந்தபோது என் விரலிலிருந்து முட்டையும் கசகசா இலையும் கலந்த வாசனை வந்தது. காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் கையைச் சரியாகக் கழுவவில்லை. விரலை மூக்கருகே வைத்திருந்ததைப் பார்த்த சிநேகிதி, "என்னடி, வெரலத் திங்கப் போறியா?" என்று கேட்டாள். சிரித்தேன். ஆனால் அந்தக் கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன்.

உங்கள் காலில் ஆணி குத்தியது உங்களுக்கே தெரியவில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபோது அம்மாதான் இரத்தத்தைப் பார்த்தாள். "எங்க குத்துச்சுன்னே தெரியலயே" என்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீனி வியாதி என்றார்கள்.

டொக்டர் சிங்களத்தில் பேசினார். பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடத்தில் நான்தான் முதலாவது என்று நீங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால், தமிழில் சொல்வது என் பொறுப்பு. நீங்கள் மர வாங்கில் கைகட்டி உட்கார்ந்து, முதலில் அவர் முகத்தையும் பிறகு என் முகத்தையும் பார்த்தீர்கள். கோதுமை மா கூடாது, சீனி கூடாது, புண் ஆறாவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டிவரும் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக அவர், "மத்தியானத்தில் ஒரு கைப்பிடி சோறு சாப்பிடலாம், அதனால் பாதகமில்லை" என்றார்.

அதை நான் உங்களிடம் சொல்லவில்லை, அப்பா.

சொல்லாமல் விட்டது மறதியால் அல்ல. உள்ளே வரும்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒருவரைக் கட்டிலில் பார்த்திருந்தேன். ஆறு ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு ஏழாவதற்குச் சட்டியைப் பார்க்கிற நீங்கள் ஒரு கைப்பிடியில் நிற்பீர்களா? "சோறும் வேணாமாம்ப்பா" என்றேன். நீங்கள் ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சரம்மா" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. சோறும் ரொட்டியும் இல்லாமல் ஒரு மனிதனுக்கு எதைச் சமைத்துக் கொடுப்பது? அதுவும் காலையில் அம்மா கொழுந்து வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாள், நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். அடுப்பு எரியும் கொஞ்ச நேரத்தில் ஆகிற சமையலாக இருக்க வேண்டும். முதல் வாரம் அவித்த முட்டை, மறுபடி அவித்த முட்டை. நான்காம் நாள் நீங்கள் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "கோழிக்கே சலிச்சுப் போயிருக்கும்" என்றீர்கள்.

அப்போதுதான் பால்மா டின்னில் இருந்த செடியைப் பார்த்தேன். சித்திரை வருடப்பிறப்புக்குச் சர்பத் போடப் பதுளைக் கடையில் வாங்கிய கறுப்புக் கசகசா விதையில் மிஞ்சியதை விளையாட்டாகத் தூவியிருந்தேன். அது இடுப்பு உயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தக் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மனைவி மலாய்க் குடும்பம். "இதக் கேக்கிறியே புள்ள! எங்க ஊட்டுல மீனுக்கும் முட்டைக்கும் இந்த எல இல்லாட்டி சோறு எறங்காது" என்றார். எங்கள் வீட்டில் சோறே இறங்கக் கூடாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, இலையைப் போட்டு, மேலே முட்டையை ஊற்றினேன். இலை கருகிக் கசந்தது. அதற்கு அடுத்த நாள் முட்டை பாதி வெந்த பிறகு இலையைக் கிள்ளிப் போட்டு, உடனே சட்டியை இறக்கினேன். நம் ஒற்றை அறைக் காம்பரா முழுக்க வாசனை.

அம்மா பெரட்டுக்குக் கிளம்பத் தலையில் போடும் கொங்காணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அடியே, என்னத்தப் போட்ட?"

"கசகசா இலைம்மா."

"அது துளசிடி! பாவி, சாமிச் செடியப் போயி முட்டையில போட்டுட்டாளே!"

அவள் அந்த டின்னுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்ததை நான் கவனித்திருந்தேன். ஏதோ அழகுக்கு என்று நினைத்துவிட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை அந்தச் செடிக்குக் கற்பூரமும் காட்டியிருக்கிறாள். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா கோயிலுக்கென்று கொத்துக்கொத்தாய்ப் பறித்துப் போயிருக்கிறாள். செல்லம்மா அக்காவும் வாசலில் வந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நீங்கள் அவசரப்படவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றீர்கள். "விடு புள்ள. வருசம் பூரா சாமிக்குச் சக்கரைப் பொங்கலாப் படைச்சீங்க. அதுக்கும் சீனி ஏறியிருக்கும். அதான் நம்ம வீட்டு முட்டைக்கு வந்திருச்சு."

செல்லம்மா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை கோயில் துளசியில் ஒரு கொத்தும் நம் செடியில் ஒரு கொத்தும் கொண்டுவந்து அம்மாவின் மூக்கருகே பிடித்தேன். நூலகப் புத்தகத்தில் இதன் பெயர் திருநீற்றுப்பச்சிலை என்று இருப்பதையும் வாசித்துக் காட்டினேன். "திருநீறுன்னு பேர்லயே இருக்கு, அப்ப சாமிச் செடிதான்" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு தடுக்கவில்லை. கிள்ளுவதற்கு முன் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அவள் சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் கிள்ளுகிறேன்.

அதன் பின் நம் வீட்டுக் காலை மாறிவிட்டது. நெத்தலியைப் பொரித்து, தேசிக்காய் பிழிந்து, மேலே இலை. டின் மீனைத் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி விட்டு, இறக்கும்போது இலை. லீக்ஸ், கோவா என்று மரக்கறி வதக்கினால் அதிலும் இலை. முட்டையிடாமல் திரிந்த கோழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகுத் தண்ணீரில் வேகவைத்து இலை தூவியபோது, சட்டியை வழித்துவிட்டு, "ரொட்டின்னு ஒன்னு இருந்துச்சே, அது எப்புடி இருக்கும்?" என்று கேட்டீர்கள். நான் வெற்றி பெற்றவள்போல் சிரித்தேன். மூன்றாம் மாதம் புண் காய்ந்தது. விரலை எடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை, பஸ் நிலையம் வரை இரண்டு முறை திரும்பச் சொல்லவைத்துக் கேட்டீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புண் ஆறியது என்னால்தான் என்ற கர்வமும், மறுபடி வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன.

தைப்பொங்கல் அன்று அம்மா உங்களுக்காகச் சக்கரை போடாமல் தனியாகக் கொஞ்சம் பொங்கல் எடுத்து வைத்தாள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "ஒரு கைப்பிடி?" என்றீர்கள். அதே அளவு. அதே சொல். என் முகம் சுட்டது. "டொக்டர் வேணாம்னாருப்பா."

"ஆமாமா. டொக்டர் சொன்னாச் சரிதான்" என்று முட்டைத் தட்டை இழுத்துக்கொண்டீர்கள். உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. கீழ்ப்படிகிறீர்கள் என்று அப்போது நினைத்தேன்.

மாசியில், ஸ்டோரில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள் குணதாச மாமா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஸ்டோரில் பத்து வருடம் உங்கள் பக்கத்து மெஷினில் நின்ற சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"ஒங்க அப்பாக்கு நா சோத்துப் பார்சல் நீட்டுறது. அவன் வேணா சொல்றது. நா அவன்கிட்ட சொன்னேன், டொக்டர் ஒரு கைப்பிடி சரி சொன்னது தானே, நீதானே என்கிட்ட சொன்னது?"

"அப்பாவுக்கு எப்புடி மாமா தெரியும்?"

"என்ன புள்ள! அவன் என்னிய விட நல்லாச் சிங்களம் பேசுறது. ஸ்டோர்ல எல்லாம் சிங்களம் தானே."

உங்களுக்கு 'வா, போ' அளவுதான் சிங்களம் தெரியும் என்று நினைத்திருந்தேன், அப்பா. ஆஸ்பத்திரியில் நீங்கள் வாயே திறக்கவில்லை. பெருமையோடு என்னைப் பேசவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். டொக்டர் சொன்னதும் கேட்டிருக்கிறது, நான் விட்டதும் புரிந்திருக்கிறது.

"அப்பறம் அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'அது பயந்துதான் மறைக்குது. மகள் சொல்லாத சோத்த நா திங்க மாட்டேன்' சொன்னது" என்றார் குணதாச மாமா.

அன்றிலிருந்து எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அந்தக் கைப்பிடிச் சோறு உங்கள் விரலைக் கொண்டுபோயிருக்குமா, அது இல்லாததால் உங்கள் ஆயுள் ஏதாவது கூடியதா, எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் உங்களை ஏமாற்றினேன் என்று நினைத்த நாளெல்லாம் நீங்கள் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது ஆஸ்பத்திரி நாள் வந்தால் லயத்தில் யாராவது என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் செல்லம்மா அக்கா. அவளுக்கும் சீனி வியாதி. டொக்டர் மாவைச் சொன்னார், சீனியைச் சொன்னார். முடிவில், மத்தியானம் கொஞ்சம் சோறு சாப்பிடலாம் என்றார். அதே பயம் மறுபடி வந்தது. செல்லம்மா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கைப்பிடி சோறு சாப்பிடலாமாம்க்கா" என்றேன்.

"மெய்யாவா புள்ள?"

"மெய்யாத்தான். அவரே சொன்னாரு."

அந்த ஒரு வரியை முழுதாகச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, அப்பா.

உங்கள் மகள்