மூலை வரைக்கும் இழுத்த கார்னிஸ்

ஈரச் சிமெண்டு வாசம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. என் வீட்டு முன்னறையில்தான் நானும் மருமகளும் கலவை குழைத்திருந்தோம். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முப்பது வருஷம் நாம் இரண்டு பேரும் சித்தாளாக இருந்தோம். சங்கரன்கோவிலைச் சுற்றி எத்தனை வீட்டுக்குக் கலவை சுமந்திருப்போம்! அங்கெல்லாம் தூணுக்குப் பூ, வாசலுக்கு வளைவு, சுவர் உச்சியில் கார்னிஸ் என்று பூச்சுப் பட்டை. என் வீட்டுக்கு மட்டும் நாலு வெறும் சுவர். "ஆச்சி, நம்ம வீடு ஏன் ரேஷன் கடை மாதிரி இருக்கு?" என்று பேத்தி கேட்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கூரைக்குக் கீழே சுற்றிலும் கலவையில் கார்னிஸ் ஓட்டுவேன், என் கையாலேயே ஓட்டுவேன் என்றேன். மகன் சிரித்தான். "எம்மா, ஃபோம்லயே பட்டை வருது. ஒட்டுனா முடிஞ்சுது. இந்த வயசுல சாரத்துல ஏறி விழுந்தா யாரு பாக்க?" திங்கட்கிழமை பெயிண்டர் அளவு பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் ஒரு சுவராவது நேராக வராவிட்டால் ஃபோம்தான் என்று கெடு வைத்துவிட்டான்.

கடையநல்லூர் மாடி வீடு நினைவிருக்கிறதா? டீக்குப் போன கொத்தனார் பேச்சில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் அப்பிய கலவை இறுகிக்கொண்டிருந்தது. நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாய். கார்னிஸ் வடிவில் தகரம் வெட்டிப் பலகையில் அடித்த அச்சை எடுத்து, ஒரே மூச்சில் மூலைவரை இழுத்தாய். "என்னட்டி பாக்க? நடுவுல நின்னா, நின்ன எடம் தெரியும். அம்புட்டுதான்" என்றாய்.

வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். "கொத்தனாரே, ஒங்க கை தனி." டீ குடித்துத் திரும்பியிருந்த கொத்தனார் தலையைச் சொறிந்தார். நீ வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சனிக்கிழமை சுவரைக் கொத்தி, நனைத்து, கலவை அப்பி, கடைசி இழுப்புக்கு வந்தேன். பாதிச் சுவர் போயிருப்பேன். "அத்தை, கலவை!" என்று மருமகள் கீழேயிருந்து சட்டியை நீட்டினாள். என் இரண்டு கையும் அச்சை விட்டுவிட்டுச் சட்டியை வாங்கிவிட்டன! தலையில் தூக்கி வைக்காததுதான் பாக்கி. சுவரில் பெரிய முண்டு. மருமகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "அச்சப் பிடிச்சவ எதுக்குட்டி சட்டிய வாங்குத?" என்று வைதிருப்பாய்.

அத்தனையையும் சுரண்டி எறிந்தேன். ஞாயிறு காலையில் மறுபடி ஏறினேன். "நான் மூலைக்குப் போற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது" என்றேன் மருமகளிடம். தோள் கெஞ்சியது. நிற்கவில்லை. அச்சு மூலையில் முட்டிய பிறகுதான் மூச்சு விட்டேன். மகன் நூல் பிடித்துப் பார்த்தான். "நேராத்தான் இருக்கு" என்று முனகினான்.

திங்கட்கிழமை பெயிண்டர் கேட்டார்: "எந்தக் கொத்தனார் வேலை ஆச்சி?"

"நான் ஓட்டுனது. எனக்குக் காட்டித் தந்தவ ஒருத்தி உண்டு" என்று உன் பேரையும் ஊரையும் சொன்னேன். அவர் அளவு டேப்பை விரித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

மூன்று சுவர் பாக்கி. அதையும் நானே ஓட்டுவேன். இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் உன் பேரைச் சொல்லுவேன்.