பின்னால் நடந்தவர்கள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று முதல் குடும்பமாக நடக்கிறோம். பள்ளியில் எடை பார்த்துவிட்டு ஸஹானாவை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு எடை அதிகம், சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். "பொண்ண மட்டும் நடக்கச் சொல்லாதீங்க சார். வீட்டோட கெளம்புங்க. தண்டனை மாதிரி இல்லாம ஜாலியா இருக்கட்டும்."

ஜாலி! விடிந்ததும் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். இந்தப் புழுக்கத்திலும் ஸஹானா தொளதொளவென்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். உடம்பு யார் கண்ணிலும் படக் கூடாதாம். நான் முன்னால், அவள் பின்னால், என் மனைவி ஜோதி அவளுக்கும் பின்னால். திரும்பித் திரும்பி "வா, வா" என்று கூப்பிட்டே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

என் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு காலை எடுத்தார்கள். அது நினைவுக்கு வந்தால் எனக்கு வேகம் வந்துவிடுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் மழை. போகவில்லை. மூன்று பேருக்குமே நிம்மதி.

ஜூன் 15, ஞாயிறு

விளையாட்டாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டப்பந்தயம் வைத்தேன். தோற்றவர் இரவுப் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஸஹானா என்னை முந்திவிட்டாள்! நிஜமாகவே முந்தினாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து.

ஆனால் ஓடி முடித்ததும் அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். ஜோதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீயே உக்காந்துட்டா அவ எப்படி நடப்பா? யாருக்காக இதெல்லாம்?"

யாருக்காக — அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஸஹானாவின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

ஸஹானா எழுந்திருக்கவே இல்லை. போர்வைக்குள்ளிருந்து, "நான் வரல. என்னால யாரும் கஷ்டப்பட வேணாம்."

சமையலறையில் சண்டை. "எனக்கு முடியலங்க" என்கிறாள் ஜோதி. நாற்பதுகூட ஆகவில்லை, என்ன முடியவில்லை? நாவலூர் ஆபீசில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரும் எனக்கு முடிகிறது. அப்படியே கேட்டும்விட்டேன். அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஒரு குடும்பத்தை நடக்க வைப்பது இவ்வளவு கஷ்டமா? அல்லது எனக்குத்தான் தெரியவில்லையா?

ஜூன் 22, ஞாயிறு

இன்று இதை எழுதிவிட வேண்டும்.

ஜோதி மாவு அரைக்கக் கொடுக்கப் போன நேரத்தில் ஸஹானா வந்து என் எதிரில் நின்றாள். "அப்பா, ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

சொன்னாள். "நீங்க முன்னாடியே போயிடுவீங்க. அம்மாவ பாத்ததே இல்ல. கொஞ்ச தூரம் நடந்ததும் வேலியப் புடிச்சிட்டு நின்னுடுவாங்க. மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் பாதிப் படில நிப்பாங்க. மூச்சு அப்படி வாங்கும். 'அப்பாகிட்ட சொல்லாத, சாக்கு சொல்றேன்னு நெனப்பாரு'ன்னாங்க. நான் ஏன் மெதுவா நடந்தேன்னு நெனச்சீங்க? சோம்பேறின்னா?"

கத்தவில்லை.

சோம்பேறி என்றுதான் நினைத்தேன். ரெண்டு பேரையும்.

ஜூன் 25, புதன்

லீவு போட்டு ஜோதியைக் கூட்டிப்போனேன். எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்ததா என்று டாக்டர் அம்மா கேட்டார். வந்ததாம். பள்ளிக்கூடமே போகாமல் படுத்திருந்தாளாம். அப்போது ஏற்பட்ட பாதிப்பு.

"இவ்ளோ நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?"

"வேல செஞ்சா மூச்சு வாங்கத்தானே செய்யும்? எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன் மேடம்."

எல்லாருக்கும் அப்படித்தான்! தொடை ரத்தக்குழாய் வழியாக பலூனைச் செலுத்தி வால்வைத் திறக்க வேண்டுமாம். இன்னும் தாமதித்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜூலை 3, வியாழன்

பலூன் சிகிச்சைக்காக ஜோதி உள்ளே. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. ஸஹானா வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நானும் எழுந்து அவள் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாலதானே தெரிஞ்சுது?" என்றாள்.

"உன்னாலதான்டா."

"இல்லப்பா... நான் வெயிட் போட்டதாலதானே நடக்கப் போனோம். அதான் கேட்டேன்."

அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

நல்லபடியாக முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜோதிக்குத்தான் பயம். வாசல் தாண்ட மாட்டேன் என்கிறாள். வற்புறுத்த எனக்குத் தகுதி இல்லை.

சாயங்காலம் ஸஹானா ரிங் பால் விளையாடும் ரப்பர் வளையத்தோடு வந்தாள். அம்மாவைக் கைப்பிடித்து ஒவ்வொரு படியாக மொட்டைமாடிக்கு ஏற்றி, நாற்காலியில் உட்கார வைத்தாள். "நீங்க தூக்கிப் போடுங்கம்மா. ஓடறது எங்க வேல."

ஜோதி இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாது. வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் போடுகிறாள்! நானும் ஸஹானாவும் மோதி விழுந்தோம். கீழ்வீட்டு அம்மணி அக்கா மூச்சிரைக்க ஏறி வந்து, "இன்னா சார், மேல இடி இடிச்சிகினு கீறீங்க! வூடே ஆடுது" என்றார். விஷயம் தெரிந்ததும், "அப்டியே குந்திகினு போடு கண்ணு, ரெண்டு பேரையும் நல்லா ஓடவுடு" என்று ஜோதி பக்கம் சேர்ந்துவிட்டார்.

ஆனாலும் படி இறங்கும்போது ஜோதியின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டே வந்தேன். தூங்கும்போதும் அதையே கேட்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஸஹானாவின் எடை பெரிதாகக் குறையவில்லை. சர்க்கரை குறைந்திருக்கிறது. அந்த முழுக்கைச் சட்டை எங்கே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கறி வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் யாரும் இல்லை. மாடியில் சத்தம். ஏறிப் போனேன்.

துணிக்கொடியை வலையாக்கி, இந்தப் பக்கம் ஜோதி, அந்தப் பக்கம் ஸஹானா. இருவரும் நின்றபடி சண்டை.

"வளையம் கோட்டு மேல விழுந்துச்சுடி, கோட்டு மேல விழுந்தா உள்ளதான், போன வாரம் உனக்கு மட்டும் குடுத்தோம் இல்ல, இப்ப எனக்குன்னா மட்டும் அவுட்டா, நீ சொல்ற ரூலெல்லாம் உனக்கு மட்டுந்தானா?" என்று ஜோதி படபடத்தாள்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. உள்ளயா வெளியயா?"

கோட்டை நான் பார்க்கவே இல்லை. ஜோதிக்கு மூச்சு வாங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை.